எத்தனை பிட்? என்ன பொருள்? இருநிலை, பதினாறுநிலை எண்கள்: வாசகர் கேள்வி பதில்

(பதினாறுநிலை எண்ணில் பத்து முதல் பதினைந்து வரையுள்ள இலக்கங்களை இந்தப் பக்கங்களில் ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று தமிழிலேயே அச்சிட்டிருக்கிறோம். கணினியில் உள்ளிடும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள்.)

ஓர் எண்ணை இருநிலைக்கு, அதாவது 0, 1 மட்டும் கொண்ட வடிவத்துக்கு மாற்ற, அதை இரண்டால் வகுத்து, மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். ஏன் கீழிருந்து? தேர்வு அவசரத்தில் மேலிருந்து எழுதிவிடுகிறேன்.
பதினொன்றாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

காரணம் தெரிந்துவிட்டால் திசை மறக்காது. 156-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டால் வகுத்தால் ஈவு 78, மீதி 0. அந்த மீதி சொல்வது, 156 ஓர் இரட்டைப்படை எண் என்பதைத்தான். ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்பது ஒன்றின் இடத்தில் இருக்கிறது. ஒன்றின் இடமோ வலது ஓரம். ஆகவே முதலில் கிடைக்கும் மீதி வலது ஓரத்துக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து 78-ஐ வகுத்தால் 39, மீதி 0. 39-க்கு 19, மீதி 1. 19-க்கு 9, மீதி 1. 9-க்கு 4, மீதி 1. 4-க்கு 2, மீதி 0. 2-க்கு 1, மீதி 0. கடைசியாக 1-ஐ வகுத்தால் ஈவு 0, மீதி 1. விடை 10011100. கீழிருந்து மேல் என்று மனப்பாடம் செய்வதைவிட, மீதி கிடைக்கக் கிடைக்க அதை வலமிருந்து இடமாக ஒரே வரியில் எழுதிக்கொண்டே போங்கள். படிக்கும் திசை என்ற கேள்வியே எழாது.

பலரும் மதிப்பெண் இழப்பது இன்னோர் இடத்தில். ஈவு 1 ஆனதும் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். அப்போது இடது ஓரத்து 1 விடுபட்டு 0011100 என்று வரும். அது வெறும் 28. ஈவு 0 ஆகும்வரை வகுக்க வேண்டும்.

சரிபார்க்க இன்னொரு வழியும் கைவசம் இருக்கட்டும். தராசில் 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று வகைக்கு ஒரே ஒரு படிக்கல் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 156-க்கு 128-ஐ வைத்தால் மிச்சம் 28. 64 வேண்டாம், 32 வேண்டாம். 16 வைத்தால் மிச்சம் 12. 8 வைத்தால் மிச்சம் 4. 4 வைத்தால் கணக்கு முடிந்தது. வைத்த கல்லுக்கு 1, வைக்காத கல்லுக்கு 0: அதே 10011100. விடைத்தாளைக் கொடுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். இரட்டைப்படை எண் என்றால் விடை 0-இல் முடிய வேண்டும். 156 என்பது 128-க்கும் 256-க்கும் இடையில் இருப்பதால் விடையில் எட்டு இலக்கம் இருக்க வேண்டும். திருப்பி எழுதியிருந்தால் 00111001 என்று 1-இல் முடிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

பத்து இலக்கம்தானே நமக்குப் பழக்கம்? கணினியையும் அப்படியே செய்திருக்கலாமே?
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தஞ்சாவூர்

செய்தும் பார்த்தார்கள். 1946-இல் அமெரிக்காவில் வெளியுலகுக்கு அறிமுகமான எனியாக் கணினி பத்து இலக்க முறையில்தான் கணக்குப் போட்டது. ஒரே ஓர் இலக்கத்தை வைத்திருக்க, பத்து நிலைமாற்றிச் சுற்றுகளை வளையமாக இணைத்திருந்தார்கள். இருநிலையில் அதே வேலைக்கு நான்கு போதும்.

அதைவிடப் பெரிய காரணம் மின்னழுத்தம். 5 வோல்ட்டில் இயங்கும் டிடிஎல் வகைச் சில்லுகளில், உள்ளே வரும் மின்னழுத்தம் 0.8 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் 0, 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 1. நடுவே 1.2 வோல்ட் இடைவெளி. சூடு, இரைச்சல், நீளமான கம்பி எல்லாம் சேர்ந்து மின்னழுத்தத்தைச் சற்று அசைத்தாலும் 0 என்பது 1 ஆகிவிடாது. அதே 5 வோல்ட்டைப் பத்து நிலைகளாகக் கூறுபோட்டால் நிலைக்கு அரை வோல்ட்தான் கிடைக்கும். 6 எப்போது 7 ஆகும் என்று சொல்ல முடியாது.

கணினிக்குத் தெரிந்தது 0, 1 மட்டும் என்றால் நடுவில் இந்தப் பதினாறுநிலை எதற்கு?
கணினிப் பயிற்சி மைய மாணவர், வேலூர்

அது நமக்காக. கணினிக்குள் ஹெக்ஸ் (பதினாறுநிலையின் சுருக்கப் பெயர்) என்று எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது பிட்கள், அதாவது 0 அல்லது 1 என்ற இருநிலை இலக்கங்கள் மட்டுமே. 10011100 என்பதை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் எழுதினால் எங்கோ ஒரு 0 நழுவிவிடும். நான்கு நான்காகப் பிரித்து 1001, 1100 என்று பார்த்தால் முதலாவது 9. இரண்டாவது 12, அதாவது சி. மொத்தமும் 9சி என்று இரண்டே எழுத்தில் அடங்கிவிடுகிறது. நான்கு பிட்களில் எழுதக்கூடியவை 0 முதல் 15 வரை பதினாறு மதிப்புகள். அதனால்தான் பதினாறு.

எட்டுநிலை முறையும் ஒரு காலத்தில் செல்வாக்கோடு இருந்தது. பிடிபி-8 போன்ற 12 பிட் கணினிகளில் மூன்று மூன்று பிட்டாகப் பிரித்தால் நான்கு இலக்கம் கச்சிதமாக வந்துவிடும். 1964-இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை 8 பிட் பைட்டுடன் (பைட் என்பது ஒன்றாகக் கையாளும் பிட்களின் தொகுதி) கொண்டுவந்த பிறகு கணக்கு மாறியது. எட்டு பிட்டை மூன்றால் பிரித்தால் மீதி நிற்கும். எல்லாம் 1 ஆக உள்ள ஒரு பைட் எட்டுநிலையில் 377. அப்படி இரண்டு பைட்டை அடுத்தடுத்து வைத்தால் 377377 வர வேண்டும் என்று தோன்றும். ஆனால் வருவது 177777. ஹெக்ஸில் ஒரு பைட் எஃப்எஃப், இரண்டு பைட் எஃப்எஃப்எஃப்எஃப். பைட்டின் எல்லை கண்ணுக்குத் தெரிகிறது. ஹெக்ஸ் நிலைத்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பிரிக்கும்போது வலப்பக்கத்திலிருந்துதான் பிரிக்க வேண்டும். 1011010 என்ற ஏழு இலக்கத்தை வலமிருந்து பிரித்தால் 101, 1010. முன்னால் ஒரு 0 சேர்த்தால் 0101, 1010. அது 5ஏ, அதாவது 90. இடமிருந்து பிரித்து 1011, 010 என்று எழுதினால் பி2 வரும், அது 178. முழுக்கத் தவறு.

பதினாறையும் உருப்போட வேண்டியதில்லை. ஏ 1010, சி 1100, எஃப் 1111 ஆகிய மூன்றும் மனதில் நின்றால் போதும். பி என்பது ஏ-யைவிட ஒன்று கூட. டி என்பது சி-யைவிட ஒன்று கூட. இ என்பது எஃப்-ஐவிட ஒன்று குறைவு.

எஃப்எஃப்8000 என்ற ஆரஞ்சு நிறத்தைச் சுருக்கி எஃப்80 என்று போட்டேன். நிறம் லேசாக மாறித் தெரிகிறது.
இணையதள வடிவமைப்பாளர், சிவகாசி

மாறத்தான் செய்யும். மூன்றெழுத்துக் குறியீட்டில் உலாவி ஒவ்வோர் எழுத்தையும் இரட்டிக்கும். எஃப்80 என்பது எஃப்எஃப்8800 ஆகிறது. பச்சையின் அளவு 80 என்பது 128. 88 என்பது 136. எட்டுப் படி பச்சை கூடியதால் நிறம் மஞ்சள் பக்கம் சாய்ந்துவிட்டது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று ஜோடிகளிலும் இரண்டு எழுத்துகளும் ஒன்றாக இருந்தால் மட்டுமே சுருக்கலாம்.

வாடிக்கையாளர் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செலில் திறந்தால், தமிழ்ப் பெயர்களுக்குப் பதில் தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ, அதையடுத்து வட்டத்துக்குள் ஆர் என்று வரிசையாக வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?
அலுவலக உதவியாளர், மதுரை

கெடவில்லை. ஹெக்ஸ் தெரிந்தால் இதை ஒரு பார்வையிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. ‘அ’வின் எண் 0பி85. இதை நான்கு நான்கு பிட்டாக விரித்தால் 0000 1011 1000 0101. இணையத்தில் பெரும்பாலும் பயன்படும் யூடிஎஃப்-8 முறை இந்தப் பதினாறு பிட்டை 4, 6, 6 என்று மூன்றாக வெட்டுகிறது: 0000, 101110, 000101. முதல் துண்டுக்கு முன்னால் 1110, மற்ற இரண்டுக்கும் முன்னால் 10 சேர்த்தால் மூன்று பைட் கிடைக்கும்: 11100000, 10101110, 10000101. ஹெக்ஸில் இ0, ஏஇ, 85.

இந்த மூன்று பைட்டையும் ஒரே எழுத்தாகப் படிக்க வேண்டும். ஆனால் எக்செல் சிஎஸ்வி கோப்பைப் பழைய விண்டோஸ்-1252 அட்டவணைப்படி பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் படித்திருக்கிறது. அந்த அட்டவணையில் இ0 என்பது தலையில் சாய்கோடு உள்ள ஏ. ஏஇ என்பது வட்டத்துக்குள் ஆர். 85 என்பது மூன்று புள்ளி. நீங்கள் பார்ப்பது அதைத்தான். தமிழ்ப் பகுதியின் முற்பாதியில் உள்ள எழுத்துகள் எல்லாம் இ0 ஏஇ என்றே தொடங்குவதால் அந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறது. மெய்யெழுத்தின் புள்ளி பிற்பாதியில் 0பிசிடி என்ற இடத்தில் இருப்பதால் அது இ0 ஏஎஃப் என்று தொடங்கும்.

திறந்த கோப்பை அப்படியே சேமித்துவிடாதீர்கள். சேமித்தால் இந்தக் குப்பை எழுத்துகளே உண்மையான எழுத்துகளாகப் பதிவாகிவிடும். மீட்பது இரட்டை வேலை. மூடிவிட்டு, எக்செலில் புதிய வெற்றுத் தாளைத் திறந்து, ‘டேட்டா’ பட்டியலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’யைத் தேர்ந்து கோப்பைக் காட்டுங்கள். வரும் பெட்டியில் கோப்பின் குறியாக்கமாக ‘65001: யூனிகோட் (யூடிஎஃப்-8)’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கீழேயே தமிழ் தெரியும். அதைப் பார்த்த பிறகு ஏற்றுங்கள்.

இதோடு சேர்த்து இன்னும் இரண்டு அறிகுறிகள். எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தரவு நலமாக இருக்கிறது, எழுத்துருதான் இல்லை. கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் நிலைமை மோசம். தமிழே இல்லாத அட்டவணைக்கு யாரோ மாற்றிச் சேமித்ததில், ஒவ்வோர் எழுத்தும் 3எஃப் என்ற ஒரே பைட்டாக, அதாவது கேள்விக்குறியாக ஆகிவிட்டது. அந்தக் கோப்பிலிருந்து மீட்க எதுவும் மிச்சமில்லை. மூலத்திலிருந்து மறுபடி இறக்குவதுதான் வழி.

எண்ணும் எழுத்தும் ஒன்றே என்பதைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால், விண்டோஸ் கணினியில் வேர்டைத் திறந்து 0பி85 என்று ஆங்கில எழுத்தில் தட்டி, ஆல்ட் விசையை அழுத்தியபடி எக்ஸ் விசையைத் தட்டுங்கள். ‘அ’ வந்து நிற்கும்.

தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் 70 எழுத்துதான். ஆங்கிலத்துக்கு 160. ஏன் இந்தப் பாகுபாடு?
கூட்டுறவுச் சங்கப் பணியாளர், ஈரோடு

ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கிலத்துக்கு எழுத்துக்கு 7 பிட் என்பதால் 1,120-ஐ 7-ஆல் வகுக்க 160. தமிழுக்கு எழுத்துக்கு 16 பிட், வகுத்தால் 70. ‘தமிழ்’ என்பதை மூன்றெழுத்து என்று எண்ண வேண்டாம்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து இடம் பிடிக்கும். ஆங்கிலச் செய்தி நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் செய்தி முழுவதும் 16 பிட்டுக்கு மாறிவிடும். எல்லையைத் தாண்டினால், துண்டுகளை ஒட்டுவதற்கான தகவலுக்கு 6 பைட் போய்விடுவதால் துண்டுக்கு 67 எழுத்துதான். 71 எழுத்துச் செய்திக்கு இரண்டு செய்திக் கட்டணம் என்பதை மொத்தமாக அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டும்.

கருவிகளின் ஹெக்ஸ் எண்களை எக்செலில் ஏற்றும்போது 12இ4 என்பது 1.20இ+05 ஆகிவிடுகிறது. 12ஏ4 மட்டும் சரியாக இருக்கிறது.
கிடங்குப் பொறுப்பாளர், திருச்சி

எண்களுக்கு நடுவே ஓர் இ வந்தால் எக்செல் அதைப் ‘பத்தின் அடுக்கு’ என்று எடுத்துக்கொள்ளும். 12இ4 என்பது 12 பெருக்கல் 10,000, அதாவது 1,20,000. வேறு எழுத்துக்கு இந்தப் பொருள் இல்லாததால் 12ஏ4 தப்பித்தது. இதே பழக்கத்தால்தான் 0045 என்பது 45 ஆகிறது. ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றிப் பயனில்லை: 12இ4, 120இ3 இரண்டுமே 1,20,000 ஆனபின் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

64 ஜிபி பென் டிரைவ் வாங்கினால் 59.6 என்று காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?
கல்லூரி மாணவர், நாகர்கோவில்

இல்லை. தயாரிப்பாளர் ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1,024-ஐ மூன்று முறை பெருக்கி, 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. 6,400 கோடியை அதனால் வகுத்தால் 59.6. குழப்பத்தைத் தீர்க்க 1998-இலேயே பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் இரண்டாவது அளவுக்கு ‘கிபிபைட்’ (சுருக்கமாக ஜிஐபி) என்று தனிப்பெயர் வைத்தது. விண்டோஸ் இன்னும் பழைய பெயரிலேயே எழுதுகிறது.

நிரலில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. கணினிக்குக் கூட்டத் தெரியாதா?
பொறியியல் முதலாண்டு மாணவி, சேலம்

கூட்டத் தெரியும். 0.1-ஐ எழுத முடியவில்லை, அவ்வளவுதான். பின்னத்தை இருநிலைக்கு மாற்ற இரண்டால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். 0.1 முதலில் 0.2, பிறகு 0.4, 0.8, 1.6 ஆகிறது. முழு எண்ணான 1-ஐ எடுத்துக்கொண்டு மிச்சம் 0.6-ஐப் பெருக்கினால் 1.2. அதில் 1-ஐ எடுத்தால் மிச்சம் மறுபடியும் 0.2. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். ஆக 0.1 என்பது 0.000110011 என்று தொடங்கி, 0011 முடிவின்றித் திரும்பத் திரும்ப வருகிறது. இருக்கும் பிட்களில் எங்கோ ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். 0.5, 0.25, 0.75 போன்றவை துல்லியமாக அமையும், 0.1 ஒருபோதும் அமையாது.

இந்த வெட்டு உயிர்களையும் பறித்திருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைப் பேட்ரியாட் தடுப்பு அமைப்பு தவறவிட்டது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் மாண்டார்கள். அந்த அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு விநாடிகளாக எண்ணி, 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1-ஆல் பெருக்கியது. ஒரு முறைக்கான பிழை ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் கருவி நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில், கடிகாரம் 0.34 விநாடி பிசகியிருந்தது. விநாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பாயும் ஏவுகணைக்கு அது அரைக் கிலோமீட்டருக்கும் அதிகம். திருத்திய நிரல் மறுநாள்தான் அங்கே வந்து சேர்ந்தது.

உங்கள் நிரலில் பணக் கணக்கு இருந்தால் ரூபாயைப் பின்னமாக வைக்காதீர்கள்; பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். காட்டும்போது மட்டும் நூறால் வகுத்தால் போதும். இரண்டு பின்ன எண்கள் சமமா என்று நேராக ஒப்பிடாமல், வித்தியாசம் மிகச் சிறியதா என்று பாருங்கள்.

குளிர்பதன அறையில் டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி வைத்திருக்கிறோம். ஆர்டுயினோ ஊனோவில் சரியாக ஓடிய நிரலை இஎஸ்பி32 பலகைக்கு மாற்றியதும், பூஜ்யத்துக்குக் கீழ் போனால் 4085.875 டிகிரி என்று காட்டுகிறது. உணரி பழுதா?
மீன் பதனிடும் கூடத்தின் பராமரிப்பாளர், தூத்துக்குடி

உணரி சரியாகவே சொல்கிறது. பலகை தவறாகப் படிக்கிறது. இந்த உணரி வெப்பநிலையை 16 பிட் எண்ணாக அனுப்பும். ஒரு டிகிரிக்கு 16 அலகு. 4085.875-ஐ 16-ஆல் பெருக்கினால் 65374. ஹெக்ஸில் எஃப்எஃப்5இ. முதல் எழுத்து எஃப் என்பதைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும்: இடது ஓரப் பிட் 1 என்றால் அது எதிர்மறை எண்.

எதிர்மறை எண்ணைக் கணினி எழுதும் முறை இது: எல்லா பிட்டையும் தலைகீழாக்கி 1 கூட்ட வேண்டும். எஃப்எஃப்5இ-ஐ விரித்தால் 1111 1111 0101 1110. தலைகீழாக்கினால் 0000 0000 1010 0001, அதாவது 161. ஒன்று கூட்டினால் 162. அதை 16-ஆல் வகுத்தால் 10.125. ஆக உங்கள் அறையின் வெப்பநிலை மைனஸ் 10.125 டிகிரி. 65536-இலிருந்து 65374-ஐக் கழித்தாலும் அதே 162 வரும்.

பிறகு ஏன் ஊனோவில் சரியாக இருந்தது? ஊனோவில் ‘இன்ட்’ எனும் முழு எண் வகை 16 பிட். இரண்டு பைட்டைச் சேர்த்ததும் இடது ஓர 1 தானாகவே குறிப் பிட்டின் இடத்தில் உட்கார்ந்துவிடும். இஎஸ்பி32-இல் ‘இன்ட்’ 32 பிட். அதே 16 பிட்டும் வலப்பாதியில் அடங்கிவிட, இடப்பாதி முழுக்க 0. அதனால் 65374 என்ற நேர்மறை எண்ணாகவே நிற்கிறது. அந்த மாறியை ‘இன்ட்’ என்று அறிவிக்காமல் ‘இன்ட்16_டி’ என்று அறிவியுங்கள். எந்தப் பலகையிலும் அது 16 பிட்தான்.

இனி என்றாவது நல்ல குளிரில் திடீரென்று 85 டிகிரி காட்டினால் அதையும் நம்ப வேண்டாம். 0550 என்ற ஹெக்ஸ் எண் 1360. பதினாறால் வகுத்தால் 85. மின்சாரம் வந்ததும் உணரி தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் தொடக்க மதிப்பு அது. 12 பிட் துல்லியத்தில் அளக்க உணரிக்கு 750 மில்லிவிநாடி வரை ஆகும். அளக்கச் சொன்ன கட்டளைக்குப் பிறகு அவ்வளவு நேரம் காத்திருந்து படிக்கிறதா என்று நிரலைப் பாருங்கள். காத்திருந்தும் வந்தால், மின் இணைப்பு எங்கோ விட்டு விட்டு வருகிறது. குளிர் அறையின் ஈரத்தில் இணைப்பு முனைகள் பச்சை பிடித்திருக்கின்றனவா என்று முதலில் சோதியுங்கள்.